அளவெடுத்த நாளின் சாட்சி: நினைவுச்சின்னங்களும் முப்பரிமாண ஸ்கேனிங்கும்

மிக்கெலாஞ்சலோவின் டேவிட் சிலையின் உயரம் 4.34 மீட்டர் என்றுதான் கலை வரலாற்றுப் புத்தகங்கள் பலவும் நெடுங்காலம் எழுதிவந்தன. உலகிலேயே அதிகம் பேர் நேரில் பார்த்த, வரைந்து பழகிய, படியெடுத்த சிலைகளில் ஒன்று அது. 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் குழுவினர் லேசர் ஸ்கேனரைக் கொண்டுபோய் அதை அளந்தார்கள். பீடத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே 5.17 மீட்டர் வந்தது. எண்பது சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுதி, அப்படியே தலைமுறைகள் கடந்துவிட்டன போலிருக்கிறது. இவ்வளவு புகழ்பெற்ற சிலைக்கே இந்தக் கதி என்றால், யாரும் எட்டிப் பார்க்காத ஆயிரக்கணக்கான மண்டபங்களையும் தூண்களையும் பற்றி நாம் வைத்திருக்கும் அளவுகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கட்டடங்களை டிஜிட்டல் முறையில் ஸ்கேன் செய்வது பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் ஒரே தொனிதான்: இந்தச் சின்னம் இனி அழியாது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்கேனர் எந்தச் சுவரையும் தாங்கிப் பிடிக்காது. கூரையில் மழைநீர் கசிவதையும், கல்லுக்குள் உப்பு பூப்பதையும், இடுக்கில் செடி வேர் விடுவதையும் அது தடுக்காது. அதனால் முடிவது வேறொன்று. குறிப்பிட்ட ஒரு நாளில் அந்தக் கட்டடம் எந்த வடிவில், எந்த நிலையில் நின்றது என்பதற்கு அளவோடு சாட்சி சொல்லும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைக் கருவியின் விலை தீர்மானிப்பதில்லை. எந்தக் கேள்விக்காக அளந்தோம், பிழை எவ்வளவு என்று எழுதிவைத்தோமா, அளந்த கோப்பு இருபது ஆண்டுகள் கழித்து யார் கைக்குக் கிடைக்கும், இவைதான் தீர்மானிக்கின்றன.

விழப் பார்த்த ஒரு அளவையாளர்

கட்டடத்தைத் தொடாமல் அளப்பது என்ற எண்ணமே லேசருக்கு வெகுகாலம் முந்தையது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளக்கும் வேலையில் இருந்தார் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் பொறியாளர். வயது 24. உயரத்தில் நின்று அளந்துகொண்டிருந்தபோது தவறி விழப் பார்த்தார். எப்படியோ தப்பித்தவருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. உயிரைப் பணயம் வைத்து ஏறி அளப்பதற்குப் பதில், கீழே நின்று புகைப்படம் எடுத்து அந்தப் படத்திலேயே அளந்தால் என்ன? லென்ஸின் குவியத் தூரமும் கேமரா நின்ற இடமும் சரியாகத் தெரிந்தால், படத்தில் தெரியும் ஒரு புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிடலாம். இன்னொரு இடத்திலிருந்தும் அதே புள்ளியைப் பிடித்துவிட்டால் இரண்டு திசைக்கோடுகளும் வெட்டும் இடம்தான் அதன் இருப்பிடம்.

இதற்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர் வைத்ததும் அவர்தான். 1885இல் பிரஷ்ய அரசு இதற்கென்றே பெர்லினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே சேர்ந்த கண்ணாடி நெகட்டிவ்கள் சுமார் 20,000. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய கட்டடங்களைத் திரும்ப எழுப்பியபோது அந்த நெகட்டிவ்கள் பயன்பட்டன. எடுத்தவர்கள் அப்படியொரு போர் வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அளவுக்கென்று ஒழுங்காக எடுத்து, ஒழுங்காக எண்ணிட்டு, ஓரிடத்தில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒளி போய்த் திரும்பும் நேரம்

லேசர் ஸ்கேனர் செய்யும் வேலை கேட்க எளிமையாக இருக்கும். ஒரு லேசர்க் கதிரை அனுப்புகிறது. அது சுவரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். கஷ்டம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால், ஒரு வினாடியை ஒரு லட்சம் கோடி பங்காக்கி அதில் ஏழு பங்குக்கும் குறைவான நேரத்தைப் பிரித்தறிய வேண்டும். இன்னொரு வகை ஸ்கேனர் நேரத்தை நேரடியாக அளக்காது. அனுப்பிய ஒளி அலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை, அதாவது ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை, வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். கிட்டத்தில் இது வேகமாகவும் துல்லியமாகவும் வேலை செய்யும்.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். முக்காலியை நிறுத்தி, மட்டம் பார்த்து, ஸ்கேனரை ஏற்றுகிறார்கள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி மேலும் கீழுமாக வேகமாகச் சுழல, கருவியின் தலை மெல்ல அரைவட்டம் திரும்புகிறது. சில நிமிடங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். இப்போதைய கருவிகளில் சில வினாடிக்குப் பத்து லட்சம் புள்ளிகளுக்கும் மேல் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆயத்தொலைவுகள், கூடவே திரும்பி வந்த ஒளியின் வலிமை, கேமரா இருந்தால் நிறம். இப்படிச் சேரும் மொத்தத்தைப் புள்ளித்திரள் என்கிறோம். துறையில் எல்லோர் வாயிலும் வருவது பாயிண்ட் கிளவுட். அந்தச் சில நிமிடங்களில் குறுக்கே யாராவது நடந்தால் அவர் உருவம் கோடுகோடாகப் பதிந்துவிடும். புறா பறந்தாலும் அப்படித்தான். பின்னால் உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டியிருக்கும்.

ஸ்கேனர் தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அளக்கும். தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குஜராத்தின் படான் நகரில் உள்ள ராணி கி வாவ் படிக்கிணறு 2011இல் ஸ்கேன் செய்யப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஒரு குழுவும், நினைவுச்சின்னங்களை ஸ்கேன் செய்து ஆவணப்படுத்தும் சைஆர்க் அமைப்பும் இந்தியத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து செய்த வேலை அது. தூணும் சிற்பமும் நெருக்கியடித்து நிற்கும் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிற்பத்தின் கை இன்னொன்றின் முகத்தை மறைக்கும். அதனால் முக்காலியை நகர்த்தி நகர்த்திப் பல இடங்களில் வைக்க வேண்டும். அப்புறம்தான் பெரிய வேலை: தனித்தனிச் சுற்றுகளை ஒன்றோடொன்று பொருத்துவது. இதற்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட குறிகளையோ வெள்ளை உருண்டைகளையோ ஆங்காங்கே வைப்பார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் பொதுவாகத் தெரியும் குறிகளை வைத்துக் கணினி இணைக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் துளித் துளியாகப் பிழை சேரும். கட்டடத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தால், முதல் சுவரும் கடைசிச் சுவரும் ஒன்றாக விழாமல் சில சென்டிமீட்டர் தள்ளி நிற்பதைப் பார்க்கலாம். இதைக் கட்டுக்குள் வைக்கத்தான் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் தனியாகச் சில புள்ளிகளை அளந்து, முழுத் திரளையும் அதோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரு அறிக்கையில் இந்தச் சரிபார்ப்பு இல்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் உள்ள அளவை நான் நம்ப மாட்டேன்.

சில பொருட்கள் லேசருக்குப் பிடிகொடுப்பதில்லை. கண்ணாடி கதிரை உள்ளே விட்டுவிடும். பளபளக்கும் உலோகமும் மெருகேற்றிய கல்லும் கதிரை வேறு திசைக்குத் திருப்பிவிடும். நனைந்த கருங்கல் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இதெல்லாம் புள்ளித்திரளில் ஓட்டைகளாகத் தெரியும், அல்லது இல்லாத இடத்தில் போலிப் புள்ளிகளாக வந்து நிற்கும்.

கேமராவும் விளக்கும்

போட்டோகிராமெட்ரி இன்று லேசருக்குப் போட்டி என்பதைவிடத் துணை என்பதே சரி. மைடன்பாவர் கையால் போட்ட கணக்கை இப்போது மென்பொருள் போடுகிறது. நூற்றுக்கணக்கான படங்களில் பொதுவாகத் தெரியும் லட்சக்கணக்கான புள்ளிகளை அதுவே தேடிப் பிடித்து, கேமரா எங்கெங்கே நின்றது என்பதையும் கண்டுபிடித்து, வடிவத்தைக் கட்டிவிடும். ஒவ்வொரு படமும் அடுத்ததோடு 60 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வெயில் கொளுத்தும் நண்பகலைவிட மேகம் மூடிய நேரம் நல்லது, நிழல் நகராது. வெள்ளையடித்த வெறுஞ்சுவரில் மென்பொருள் தடுமாறும், பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. இதில் பலரும் கோட்டை விடும் இடம் வேறு. படங்களுக்குத் தாமாக அளவு தெரியாது. பொம்மைக் கோபுரத்தையும் உண்மையான கோபுரத்தையும் ஒரே மாதிரி எடுத்தால் ஒரே மாடல்தான் வரும். நீளம் தெரிந்த அளவுகோல் ஒன்று படத்துக்குள் இருந்தால்தான் அது ஆவணம். இல்லையென்றால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவே.

கல்வெட்டுகளுக்கு வந்தால் கதை வேறு. தேய்ந்துபோன எழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கலாம். முக்காலி ஸ்கேனரின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும்போது எழுத்து எப்படித் தெரியும்? இதற்கு 2001இல் ஹெச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு ஒரு வழியைத் தந்தது. கேமராவை அசைக்காமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு கோணத்தில் பிடிப்பார்கள். பக்கத்தில் பளபளப்பான ஒரு கறுப்பு உருண்டை இருக்கும்; அதில் தெரியும் ஒளிப்புள்ளி விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் படங்களையும் சேர்த்துக் கல்லின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணினி கணக்கிடும். பிறகு திரையிலேயே விளக்கை நகர்த்திப் பார்க்கலாம். ஒளியைக் கிட்டத்தட்டக் கல்லோடு கல்லாகச் சாய்த்ததும், வெறும் கண்ணுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு எழுத்தின் வளைவு எழுந்து நிற்கும். கிரேக்கக் கடலடியில் கிடைத்த பழங்கால வானியல் கருவியான ஆன்டிகிதேரா இயந்திரத்தின் எழுத்துகளை 2005இல் படிக்க உதவிய முறைகளில் இதுவும் ஒன்று.

இந்தச் சமயத்தில் மைப்படிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரத்தாளைக் கல்வெட்டின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. அசல் அளவிலேயே கிடைக்கும் நகல் அது. உதிரும் நிலையில் உள்ள கல்லில் அப்படித் தட்டுவது ஆபத்து என்பதால், தொடாமல் எடுக்கும் முறைகள் வந்தது பெரிய நிம்மதி. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த மைப்படியில் இருக்கும் எழுத்து இன்று கல்லில் இல்லாமல் போயிருக்கலாம். எவ்வளவு நல்ல ஸ்கேனரும் போன எழுத்தைத் திருப்பித் தராது. கல்லை ஸ்கேன் செய்ய நிதி ஒதுக்குபவர்கள் அலமாரியில் பொடிந்துகொண்டிருக்கும் பழைய மைப்படிகளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். என்னைக் கேட்டால் அவற்றைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

நோத்ர-தாம் சொல்லும் முழுக்கதை

ஸ்கேனிங்கின் பெருமையைப் பேசும் எல்லோரும் பாரிஸின் நோத்ர-தாம் தேவாலயத்தைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010இல் அந்தத் தேவாலயத்தை ஸ்கேன் செய்தார். உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேல் புள்ளிகளை எடுத்தார். பேரழிவு வரும் என்று அவர் அளக்கவில்லை. அவருக்கு இருந்தது வரலாற்றுக் கேள்வி: இதைக் கட்டியவர்கள் எப்படி யோசித்தார்கள், எங்கே தடுமாறினார்கள்? பதில்களும் கிடைத்தன. வெளியே சுவரைத் தாங்கி நிற்கும் பறக்கும் உதைசுவர்கள் இத்தனை நூற்றாண்டுகளில் அசையவே இல்லை என்று அவர் கண்டார். மேற்கு முகப்பிலோ, அரசர் சிலைகள் வரிசையாக நிற்கும் பகுதி ஏறக்குறைய ஒரு அடி நிலைபிசகி இருந்தது. அடியில் மண் இறங்கியதால் கட்டுமானத்தைச் சில காலம் நிறுத்தி, நிலம் அடங்கிய பிறகே தொடர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். ஏட்டில் எங்கும் எழுதப்படாத ஒரு செய்தியைச் சுவரின் சாய்விலிருந்து படித்திருக்கிறார். ஸ்கேனிங்கின் ஆகச் சிறந்த பயன் இதுதான் என்பது என் எண்ணம்.

டாலன் 2018 நவம்பரில் காலமானார். ஐந்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 15 அன்று தேவாலயத்தின் கூரை எரிந்தது. ஈயத் தகடு வேய்ந்த கூரை, அதன் கீழே இருந்த இடைக்கால ஓக் மரச்சட்டம், 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் வியோலெ-லெ-டியுக் எழுப்பிய ஊசிக்கோபுரம் எல்லாம் போயின. கல் வளைவுகளிலும் சில பகுதிகள் இடிந்து விழுந்தன. அவருடைய தரவு மீட்புப் பணிக்கு உதவியது உண்மை. தீக்கு முன் வேறு குழுக்கள் எடுத்த ஸ்கேன்களும், தீக்குப் பின் புதிதாக எடுத்தவையும் சேர்ந்துதான் எந்த வளைவு எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட முடிந்தது.

ஆனால் எரிந்த மரச்சட்டத்தைத் திரும்பக் கட்டத் தச்சர்களுக்குத் தேவைப்பட்டது புள்ளித்திரள் மட்டுமல்ல. தீக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ரெமி ஃபுரோமோன், செத்ரிக் த்ரான்தெசோ என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் அந்தச் சட்டத்தின் அடியில் நாள்கணக்கில் உட்கார்ந்து கையால் அளந்து வரைந்திருந்தார்கள். எந்தக் கட்டை எதோடு எப்படிப் பொருந்துகிறது, எந்த மூட்டு என்ன வகை, எது பழையது, எது பிற்காலத்தில் செருகியது என்பதெல்லாம் வரைபவர் நின்று நிதானித்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஸ்கேனர் ஒரு கட்டையின் மேல்பரப்பைத் தரும். மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் பொருத்தை அது பார்க்காது. அந்த வரைபடங்கள் மறுகட்டுமானத்துக்கு அடிப்படையாயின. ஃபுரோமோனே புனரமைப்பின் தலைமைக் கட்டடக்கலைஞர்களில் ஒருவராகவும் இருந்தார். 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தது. கருவி வந்துவிட்டதால் கையால் வரையத் தெரிந்தவர்கள் வேண்டாம் என்று பேசுவோர் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

வெளிப்பரப்போடு நின்றுவிடுவதுதான் ஸ்கேனரின் அடிப்படை எல்லை. தடித்த கற்சுவரின் நடுவில் செதுக்கிய கல் இருக்கிறதா, வெறும் சல்லி நிரப்பியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ரேடாரும் வெப்பப் படமும் வேண்டும், சில சமயம் சும்மா தட்டிப் பார்க்கும் அனுபவக் கையும் வேண்டும். விரிசலைக் கண்காணிப்பதும் அப்படித்தான். ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் செய்து, சுவர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது என்று வண்ணப்படம் போட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் மூன்று மில்லிமீட்டர் பிழை இருந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு அர்த்தமே இல்லை. விரிசலின் குறுக்கே ஒட்டும் விலை மலிவான அளவுத் தகடு இந்த ஒரு வேலையை அதைவிட நன்றாகச் செய்யும். ஒரு கோபுரம் முழுதும் எப்படிச் சாய்கிறது, ஒரு வளைவு எங்கே தொய்கிறது என்ற கேள்விகளில்தான் ஸ்கேனர் தன் திறமையைக் காட்டும்.

அழிந்த பின் என்ன செய்யலாம்

2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது அவற்றுக்கு லேசர் ஸ்கேன் எதுவும் இருக்கவில்லை. ஆனால் 1970இல் ஆஸ்திரியாவின் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக் கேமராவால் எடுத்த சில படங்கள் இருந்தன. அவற்றை வைத்துச் சூரிக் நகரின் இ.டி.ஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 55 மீட்டர் உயரப் பெரிய புத்தரின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் மீட்டெடுத்தார்கள். முப்பது ஆண்டு பழைய படங்கள்! எடுத்தவர் குவியத் தூரம் போன்ற விவரங்களோடு எடுத்ததால்தான் அவை பயன்பட்டன. எடுத்த விதத்தை எழுதிவைப்பதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

இராக்கின் மோசூலில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளரான பென் கசைரா, கையில் தூக்கிப்போகும் அளவுக்கு லேசர் ஸ்கேனரை உருவாக்கியவர்களில் ஒருவர். பாமியான் அழிவு அவரை உலுக்கியது. 2003இல் அவர் தொடங்கியதுதான் மேலே சொன்ன சைஆர்க். உகாண்டாவின் கசூபியில் உள்ள புகாண்டா அரசர்களின் கூரைவேய்ந்த கல்லறை மண்டபத்தை அந்த அமைப்பு 2009இல் ஸ்கேன் செய்தது. 2010 மார்ச்சில் அது எரிந்துபோனது. ஜப்பானில், ஒகினாவாவின் சுரி கோட்டையில் முதன்மை மண்டபம் 2019 அக்டோபர் 31 அன்று எரிந்தபோது, ஆய்வாளர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் இருந்த படங்களைத் திரட்டி வடிவத்தை மீட்டார்கள். அந்த மண்டபமே 1945 போரில் அழிந்து 1992இல் திரும்பக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பக் கட்டுவது புதிய பழக்கமல்ல.

திரும்பக் கட்டுவதில்தான் சிக்கலான கேள்விகள் எழுகின்றன. சிரியாவின் பல்மைரா நகரத்து வெற்றி வளைவு 2015இல் தகர்க்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் அதன் சிறிய நகல் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நின்றது. பழைய படங்களிலிருந்து மாடல் செய்து, இத்தாலியில் எந்திரத்தால் பளிங்கில் செதுக்கியது. பாராட்டியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு அதில் நெருடுவது ஒன்றுதான்: எந்த வளைவு, எந்தப் பூ வேலைப்பாடு படத்தில் தெளிவாகத் தெரிந்தது, எது ஊகித்து நிரப்பியது என்று நகலைப் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. நினைவுச்சின்னப் பாதுகாப்பின் அடிப்படை ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. கணினி மாடல்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்றுதான் 2006இல் லண்டன் சாசனம் என்ற நெறிமுறை வந்தது. எதை அளந்தோம், எதை ஊகித்தோம் என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. 2020க்குப் பிறகு வந்த புதிய காட்சி முறைகள் சில படங்களை வைத்தே ஒரு மண்டபத்தை அசலைப் போலத் திரையில் நடந்து பார்க்க வைக்கின்றன. பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அவை கண்ணுக்கு ஒத்துப்போகும்படி உருவாக்கப்பட்டவை. அளவுக்கு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. ஓட்டை விழுந்த இடத்தை மென்பொருள் தானே நிரப்பிவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அந்த நிரப்பலையும் கல்லென்றே நம்புவார். புள்ளித்திரளில் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். அதுதான் நேர்மையான பதிவு.

கோப்பு எங்கே போகும்

1986இல் பிபிசி ஒரு பெரிய வேலை செய்தது. இங்கிலாந்தில் 1086இல் எடுக்கப்பட்ட நிலக் கணக்கான டோம்ஸ்டே ஏட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பிரிட்டன் முழுவதையும் படமும் எழுத்துமாகத் தொகுத்து லேசர்டிஸ்க்கில் பதித்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் அதைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், தனியாக ஒரு மீட்புத் திட்டமே தேவைப்பட்டது. தோலில் எழுதிய பழைய ஏட்டை இன்றும் பிரித்துப் படிக்கலாம். ஸ்கேன் கோப்புகளுக்கு இதே ஆபத்து உண்டு. ஒவ்வொரு கருவி நிறுவனத்துக்கும் தனித்தனிக் கோப்பு வடிவம். அந்த நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் திறக்காது. அதனால்தான் இ57 என்ற பொதுவான திறந்த வடிவத்திலும் ஒரு படி வைக்கச் சொல்கிறார்கள். மெருகேற்றிய மாடல் மட்டும் போதாது. கருவி தந்த மூலத் தரவு, மூலப் படங்கள், எந்த நாள், எந்தக் கருவி, எந்த அமைப்பு, எவ்வளவு பிழை என்ற குறிப்பு எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். ஒரு பெரிய வளாகத்தின் மூலத் தரவு டெராபைட் கணக்கில் வரும். அதை மூன்று படிகளாக, ஒன்றாவது வேறு ஊரில், பல்லாண்டு வைத்திருக்கச் செலவாகும். அளக்க மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு வைத்திருக்க ஒதுக்காத திட்டங்களே அதிகம். கடைசியில் அந்தத் தரவு யாரோ ஒருவர் மேசை இழுப்பறையில் உள்ள ஹார்ட் டிஸ்கில் தங்கிவிடுகிறது.

அடுத்தது உரிமை. பெர்லினில் உள்ள நெஃபர்டிட்டி மார்பளவுச் சிலை 3,300 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதை 2008இல் உயர்தரமாக ஸ்கேன் செய்தார்கள். காஸ்மோ வென்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் தகவல் அறியும் உரிமையின் கீழ் அந்தக் கோப்பைக் கேட்டு, மூன்று ஆண்டுகள் விடாமல் போராடி 2019இல் பெற்றார். திறந்து பார்த்தால், மாடலின் அடிப்பாகத்தில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமக் குறிப்பு செதுக்கியதுபோல் பதிக்கப்பட்டிருந்தது. எகிப்தியச் சிற்பி செய்த சிலையை அச்சு மாறாமல் அளந்ததற்கு யார் ஆசிரியர்? அதே 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பதிப்புரிமை வழிகாட்டுதல், பதிப்புரிமைக் காலம் முடிந்த காட்சிக் கலைப்படைப்பின் வெறும் நகலுக்குப் புதிதாகப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. 2020இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 28 லட்சம் படங்களையும் மாடல்களையும் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நானும் திறப்பதன் பக்கம்தான். பொதுச் சொத்தைப் பொதுப் பணத்தில் அளந்தால் அந்த அளவும் பொதுவாகவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். வழிபாடு நடக்கும் இடத்தில் எல்லோரும் நுழையாத உள்ளறை இருந்தால், அதைத் திரையில் காட்டலாமா என்பதை அந்த இடத்துக்கு உரியவர்கள்தான் சொல்ல வேண்டும். காவலில்லாத இடத்தில் பெயர்த்தெடுக்கக்கூடிய சிலை எங்கே நிற்கிறது என்று துல்லியமாக வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும். வெளியூர்க் குழு வந்து அளந்துவிட்டுத் தரவோடு கிளம்பிப் போவதும், அந்த இடத்தைப் பராமரிப்பவர்கள் தங்கள் சொந்தச் சுவரின் அளவைக் காசு கொடுத்துக் கேட்க நேர்வதும் நியாயமே இல்லை. மூலத் தரவின் ஒரு முழுப்படி யாரிடம் இருக்கும், எந்த வடிவத்தில் தரப்படும், எத்தனை ஆண்டுகளுக்கு யார் செலவில் வைத்திருப்பார்கள், எந்தப் பகுதி எப்போது பொதுவில் திறக்கும் என்பதெல்லாம் அனுமதிக் கடிதத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். முக்காலியை இறக்குவதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. வேலை முடிந்து குழு கிளம்பிய பிறகு கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.